மூச்சு முட்டாத குட்டிகள்

1

இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. இதைவிட உயர்ந்த இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, கடைவாய்ப் பல் அன்றைக்குத்தான் உயிரை வாங்கியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜை மேல் அட்டை கிழிந்த ஒரு வாரப் பத்திரிகை கிடந்தது. நடுப்பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே பெரிய ரகசியம் நீந்துவதுபோல முறைத்துக்கொண்டிருந்தார். (உள்ளே இருப்பது தண்ணீர். இந்த மாதிரிப் படங்களில் எப்போதுமே தண்ணீர்தான்.) மேலே கொட்டை எழுத்தில்: 'ஒரு சொட்டு ரத்தம் போதும்! பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லும் மரபணு!'

பல்லைவிட அந்த ஆச்சரியக்குறிகள் அதிகம் வலித்தன. எதிர்காலமாம். சொல்லுமாம். அதுவும் சொட்டில்.

எனக்குக் கோபம் வந்தால் கதை வரும். இரக்கம் வந்தால் கவிதை வந்து தொலைக்கும். அதனால் இரக்கப்படுவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து, மரத்துப்போன வாயோடு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆய்வகத்தின் ஜன்னல் கண்ணாடியில் துளிகள் ஒன்றோடொன்று—'

நிறுத்து. எலி வளர்க்கிற ஆய்வகத்துக்கு ஜன்னல் ஏது? அங்கே பகலையும் இரவையும் சுவரில் இருக்கும் ஒரு சுவிட்சு தீர்மானிக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'மரபணு என்பது உயிரின் புத்தகம்.' இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன். இதுவரை இந்த உவமையை எழுதாதவர்கள் பிறக்கப்போகிறவர்கள் மட்டும்தான்.

மூன்றாவது: 'அவள் கையில் அந்தச் சின்னஞ்சிறு உயிர் துடி—'

சீ.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஒரு பெண் இருக்கிறாள். ஆய்வாளர். எதையும் மூன்று தடவை அளக்காமல் நம்பமாட்டாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். கிண்டலாக வைத்ததுதான், அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கு ஒரு தலைவர். படத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்தவர். அவளுக்கு ஓர் அக்காவும் உண்டு. அக்கா நிறைமாதம். இவ்வளவுதான் ஆட்கள். இதற்கு மேல் என்னாலும் சமாளிக்க முடியாது.

3

அவர்கள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடலாம்.

பிறக்கிற நேரத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போனால் மூளை அடிபடும். மூச்சு திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம், அதுதான் இல்லை. மூச்சு திரும்பிய பிறகுதான் மூளைக்குள் கலவரமே தொடங்குகிறது. ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. அடிபட்டதும் சில மரபணுக்கள் குரலை உயர்த்தும், சில வாயை மூடிக்கொள்ளும். எது எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்று கேட்டுக் கணக்கெடுத்தால், எவ்வளவு அடி, எங்கே அடி, இன்னும் எதைக் காப்பாற்றலாம் என்று தெரியக்கூடும். நல்ல நோக்கம்தான். நோக்கத்தில் நான் குறை சொல்லவில்லை.

மனிதக் குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது, ஆகவே எலிக்குட்டிகள். குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்து, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். சிலிண்டரின் வால்வைத் திறந்தால் நைட்ரஜன் உள்ளே போகும், ஆக்சிஜன் குறையும். பிறகு குட்டிகளை வெளியே எடுத்து, சூடான விளக்கடியில் வைத்திருந்து, ரத்தத்தையும் மூளையையும் சேகரிப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பெட்டிக்குள் போகாத ஆரோக்கியமான குட்டிகள் வேண்டும் அல்லவா? அவை தாயின் வயிற்றடியில் பால் குடித்துக்கொண்டு கிடக்கும். 'அதுங்களை எதுக்கு வீணாத் தொந்தரவு பண்ணணும்' என்று தலைவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மனிதாபிமானம்!

கணக்கெடுத்தபோது ஒரு மரபணு மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு கத்தியது. எழுத்தும் எண்ணும் கலந்த அதன் முறையான பெயர் வாயில் நுழையாது. ஆய்வகத்தில் அதைத் 'தொண்டைக்காரன்' என்றார்கள். பெட்டிக்குள் போன எல்லாக் குட்டியிலும் அவன் கத்தினான். தாயோடு கிடந்த எதிலும் கத்தவில்லை. ரத்தத்திலும் அவன் குரல் கேட்டது. அடேயப்பா! கட்டுரை எழுதினார்கள். முதல் பெயர் துல்லியத்தினுடையது, கடைசிப் பெயர் தலைவருடையது.*

* இந்த உலகத்தில் முதல் பெயர் என்றால் வேலை செய்தவர், கடைசிப் பெயர் என்றால் அறைக்குச் சொந்தக்காரர். நடுவில் வரும் பெயர்களைப் பற்றி அவர்களுடைய அம்மாக்கள் மட்டுமே அக்கறைப்படுவார்கள்.

4

இந்த இடத்தில் என் மனைவி எட்டிப் பார்த்து, "எலிக்கு யாருங்க அழுவாங்க?" என்றாள். யாரும் அழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன் என்றேன். "அப்ப எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்காம் பகுதியில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். அதில் ஒரு எலி தாயை நினைத்து ஏங்கியது.

5

கட்டுரை வெளிவந்து, பத்திரிகைக்காரர்கள் வந்து, தண்ணீர்க் குழாயைப் படமெடுத்துக்கொண்டு போன பிறகு ஒரு நாள்.

துல்லியம் வழக்கம்போலக் குட்டிகளைப் பெட்டியில் வைத்தாள், கடிகாரத்தை முடுக்கினாள், முடிந்ததும் எடுத்தாள். பெட்டியைத் துடைத்து வைக்கும்போது சிலிண்டரில் கை பட்டது. வால்வு மூடியபடியே இருந்தது. திறக்கவே இல்லை. எதையும் மூன்று தடவை பார்க்கிறவள், அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குட்டிகள் இத்தனை நேரமும் பெட்டிக்குள் உட்கார்ந்து, நீங்களும் நானும் சுவாசிக்கிற அதே காற்றைச் சுவாசித்துவிட்டு வந்திருக்கின்றன. ஒன்றுக்கும் மூச்சு முட்டவில்லை.

வேறு யாராக இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் கழித்துக் கட்டியிருப்பார்கள். இவளுக்குப் பிடிவாதம். எடுத்ததுதான் எடுத்தோம், அளந்துதான் பார்ப்போமே என்று அளந்தாள்.

தொண்டைக்காரன் கத்தினான். கொஞ்சமும் குறையாமல், அதே குரலில்.

அவள் அந்த எண்ணை மூன்று தடவை பார்த்தாள். மூச்சு முட்டாத குட்டியிலும் கத்துகிறான் என்றால், இவன் கத்துவது மூச்சுக்காக இல்லை. பிறகு எதற்கு? பெட்டிக்குப் போன குட்டிகளுக்கும் போகாத குட்டிகளுக்கும் வேறு என்ன வித்தியாசம்? ஒன்றுதான். இவை தாயை விட்டு வந்தவை, பால் குடிக்காதவை. அவை தாயோடு கிடந்தவை. மகா மனிதாபிமானத்தோடு தொந்தரவு செய்யப்படாதவை.

பெரிய ஆய்வகம், பெரிய கட்டுரை, பெரிய ஆச்சரியக்குறி. கடைசியில் அந்த மரபணு சொன்னது 'பசிக்குது' என்பது மட்டும்தான்.

6

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் ஈ ஆடியது, ஆட வைத்தார்.

"வால்வு திறக்கலையா? அப்ப அது பரிசோதனையே இல்லம்மா. தூக்கிப் போடு."

"சார், மூச்சு முட்டாமலே ஏறியிருக்கு."

"பெட்டிக்குள்ள பயந்திருக்கும்."

"பயந்தாலும் ஏறும்னா, அது எப்படி சார் மூளைக் காயத்தோட அடையாளம்?"

"நீ ரொம்ப யோசிக்கற. சரியாச் செய்யாத ஒண்ணை வச்சுட்டு, சரியாச் செஞ்சதைக் குறை சொல்லக் கூடாது. அதுதான் விஞ்ஞானம்."

கேட்டுக்கொள்ளுங்கள், அதுதான் விஞ்ஞானம். இந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு அழகாகச் சொன்னார் என்றால், அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

"திரும்ப ஒருதடவை, வெறுமே தாய்கிட்ட இருந்து பிரிச்சு மட்டும் வச்சுப் பார்க்கட்டுமா?"

"இப்ப எதுக்கு? ஆஸ்பத்திரியில மனுஷக் குழந்தைங்க ரத்தத்துலயே பார்க்க ஏற்பாடு நடக்குது. இந்த நேரத்துல குட்டையைக் குழப்பாதே."

அவள் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பச் செய்து பார்க்கவும் இல்லை. பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

7

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். துல்லியம் என்று பெயர் வைத்துவிட்டு ஊமையாக உட்கார வைத்தால் வாசகர் ஒப்புவாரா? அவளைக் கோழையாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை, தலைவரிடம் நேரே போய்ச் சொன்னவள்தானே. தலைவர் மிரட்டினார் என்று ஒரு காட்சி எழுதினேன். அந்த ஆளுக்கு மிரட்டக்கூடச் சாமர்த்தியம் போதாது.

கடைசியில் சாதாரணக் காரணம்தான் நின்றது. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அவள் அதை அச்சில் பார்த்திருக்கிறாள், அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள், அக்கா அதை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு பேர் 'ஆகா' என்று சொன்ன பிறகு 'இல்லீங்க, அது பசி' என்று சொல்வதற்கு நாக்கு வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமோ? வந்திருக்கும், வந்திருக்கும். கதையைப் படிக்கிற எல்லோரும் யோக்கியர்கள்தான்.

8

அக்காவுக்குப் பிரசவம் சிக்கலாகி, அவசரமாக அறுத்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. மூச்சைக் கொண்டுவர டாக்டர்கள் பாடாய்ப் பட்டார்கள். வந்த பிறகு அவனைக் குளிர்ந்த மெத்தையில் போட்டார்கள். உடம்புச் சூட்டைக் குறைத்தால் மூளைக்குள் நடக்கிற கலவரம் கொஞ்சம் அடங்கும், அதற்காக. வாயில் குழாய், கையில் ஊசி, நெஞ்சில் ஒயர். பால் கிடையாது, ஊசி வழியாகச் சொட்டும் குளுக்கோஸ்தான்.

தலைவருக்குச் செய்தி போயிற்று. உதவி செய்யத் துடித்தார். நல்ல மனுஷர், சும்மா சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் பேசி, ஒரு சொட்டு ரத்தம் வாங்கி, வேறோர் ஆளை வைத்து அளக்க வைத்து, எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். தாழ்வாரத்தில் நின்ற அக்கா வீட்டுக்காரரின் தோளில் கை வைத்தார்.

"இதை வெளியாளுங்க யாருக்கும் செய்யறதில்ல. நம்ம பொண்ணோட குடும்பமாச்சேன்னு செஞ்சேன். நம்பர் ரொம்ப அதிகமா இருக்கு. மனசைத் தேத்திக்குங்க."

துல்லியம் அங்கேயே, குடிதண்ணீர்க் குழாயின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்காரரான மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ கண்டுபிடிச்சதுதானேம்மா இது?" என்று கேட்டார். ஆமாம் என்று தலை ஆடியது. அவள் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது என்று எழுதினால் அவளைக் காப்பாற்றுவதாகிவிடும். ஆட்டினாள்.

அவர் உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். அக்கா சத்தம் போட்டு அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பார்க்கச் சக்கர நாற்காலி கொண்டுவந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாளும் வேண்டாம் என்றாள்.

"பார்க்க மாட்டேன். பார்த்துட்டா அப்புறம் என்னால விட முடியாது. இப்படியே போகட்டும்."

பிள்ளைக்குச் சூட்டை மெல்ல ஏற்றி, குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விட்டான். பச்சிளங்குழந்தைப் பிரிவின் நர்ஸ் வெளியே வந்து, "பால் ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா எங்க? இன்னும் ஒருதடவைகூட வரலையே?" என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் துல்லியத்தைப் பார்த்தார். துல்லியம் தரையைப் பார்த்தாள்.

அந்தப் பிரிவில் வரிசையாகப் படுத்திருந்த குழந்தைகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இதில் எந்தக் குழந்தையின் ரத்தத்தை எடுத்தாலும் தொண்டைக்காரன் கத்துவான். எல்லாமே தாயை விட்டு வந்தவை. எல்லாமே பால் குடிக்காதவை.

9

அங்கிருந்து நேரே ஆய்வகத்துக்குப் போனாள். ஆரோக்கியமான குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்தாள். பெட்டி இல்லை, சிலிண்டர் இல்லை, ஒன்றும் இல்லை. விளக்கடியில் சூடாக வைத்திருந்தாள். வேறு சில குட்டிகளைத் தாயிடமே விட்டாள். ஒரே ஒரு மரபணுவை மட்டும் அளக்க ஓர் இரவு போதும்.

முடிவை நான் சொல்லத் தேவையில்லை. ஊகித்துவிட்ட பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

(கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: அன்றைக்கே அதைத் திரும்பப் பெறச் சொல்லி, வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். தலைவர் போனில் "நிதானமா உட்கார்ந்து பேசுவோம்" என்றார். ஆசிரியர் குழு பரிசீலித்துக்கொண்டிருக்கிறது. பரிசீலனைக்கு மூச்சே முட்டுவதில்லை.)

10

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: தங்கை உண்மையைச் சொல்கிறாள். அக்கா ஓடுகிறாள். அம்மாவின் விரல் பட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்து சிரிக்கி— வேண்டாம். தாயின் ஸ்பரிசம் மூளையை ஒட்டவைக்கும் என்று நான் எழுதினால், அந்த வாரப் பத்திரிகை என்னைப் பேட்டி எடுக்க வந்துவிடும். இந்தப் பாழாய்ப்போன மரபணு 'அம்மா இல்லை' என்று கத்துகிறது என்பதற்காக, அம்மா வந்தால் அடி ஆறிவிடும் என்று அர்த்தமில்லை. பசி ஆறும். அவ்வளவுதான்.

இரண்டாவது: தங்கை சொல்லாமலே விட்டுவிடுகிறாள், தலைவருக்கு விருது கிடைக்கிறது, கைதட்டலுக்கு நடுவே அவள் மட்டும்— இது கசப்பை நீதியாக விற்கிற வியாபாரம். எனக்கு நன்றாக வரும். அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவது: 'வருடங்கள் உருண்டோடின.' உருளட்டும், நான் பின்னால் ஓடமாட்டேன்.

இந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினேன். என்ன பேசுவாள் என்று எனக்கே தெரியாமல்தான் அனுப்பினேன்.

11

தாய்மார் வார்டில் மத்தியான வெயில் கட்டில் வரை வந்திருந்தது. மாமா சாப்பிடப் போயிருந்தார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, அந்த நம்பர் தப்பு."

அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சார் சொன்ன நம்பர். அது பிள்ளையோட மூளையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலக்கா. தாய்ப்பால் இல்லாம, தாய்கிட்ட இல்லாம இருக்கற எந்தக் குட்டிக்கும் அது ஏறும். அடிபட்டாலும் ஏறும், படலைன்னாலும் ஏறும். நாங்க ஒப்பிட்டுப் பார்த்த விதமே தப்பு."

அக்கா மெல்லத் திரும்பினாள். தையல் போட்ட வயிறு. திரும்புவதற்கே முகம் சுருங்கியது.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"இன்னைக்குத்தான் நிச்சயமாத் தெரிஞ்சுது."

"நிச்சயமாத் தெரியறதுக்கு முன்னாடி?"

"நீ பிள்ளையை வயித்துல வச்சுட்டிருக்கும்போதே."

"அடிப்பாவி."

அடித்திருந்தால் தங்கைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்காவுக்கும் அது தெரியும்போல, அடிக்கவில்லை.

"நான் இங்க சுவத்தைப் பார்த்துட்டு, என் பிள்ளை போயிடட்டும்னு வேண்டிட்டுக் கிடந்தேன்டி. தெரியுமா உனக்கு? போயிடட்டும்னு!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நின்னுட்டிருந்தே?"

தங்கை அழுதாள். இந்தக் கதையில் யாரையும் அழ விடுவதில்லை என்று இருந்தேன். அவளை என்னால் நிறுத்த முடியவில்லை. அக்கா அவளைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

"சரி, அழுததெல்லாம் போதும். இதைச் சொல்லு. அப்ப என் பிள்ளை நல்லா இருக்கானா?"

ஒரே ஒரு வார்த்தை. 'இருக்கான்கா' என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அக்கா மன்னித்துவிடுவாள். நீங்களும் மன்னித்துவிடுவீர்கள். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். துல்லியம் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்ததை நான் பார்த்தேன்.

"தெரியாதுக்கா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் இன்னும் தெரியாது. ஸ்கேன் எடுப்பாங்க. ஓரளவு சொல்வாங்க. மிச்சம் அவன் வளர வளரத்தான்."

"ஆகமொத்தம் யாருக்குமே தெரியாது?"

"யாருக்குமே தெரியாது."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை உதறித் தள்ளினாள்.

"தெரியாதுன்னா அப்புறம் நான் எதுக்குடி இங்க படுத்துக் கிடக்கறேன்? கையைக் கொடு. எழுப்பி விடு."

சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தங்கையின் தோளை இறுக்கிக்கொண்டு, தாழ்வாரம் முழுக்க நடந்தாள். நடந்தபடியே திட்டினாள். தங்கை திட்டை வாங்கிக்கொண்டே தாங்கி நடந்தாள். பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் நர்ஸ் அக்காவை மேலும் கீழும் பார்த்து, "வந்தீங்களா? கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

12

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாய்க்கு மட்டும்தான் அனுமதி. தங்கை வெளியே நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், என் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நீங்கள்.

கேட்கிறீர்கள், எனக்குக் காது கேட்கிறது. பையன் தேறிவிடுவானா? நடப்பானா, பேசுவானா, பள்ளிக்கூடம் போவானா? ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் என்கிறீர்கள். நான் எழுதுகிறவன், நினைத்தால் சொல்லிவிடலாம். ஒரு வரி போதும். நீங்கள் பெருமூச்சு விட்டுவிட்டு, அல்லது உச்சுக்கொட்டிவிட்டு, அவனை மறந்துபோவீர்கள். அதற்குத்தானே கேட்கிறீர்கள்?

பெற்றவளுக்கே தெரியாது. தெரியாமல்தான் அவள் உள்ளே போயிருக்கிறாள். தெரிந்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்களே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். நர்ஸ் பால் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.